ஓய்வு என்னும் மருந்துக்கு யார் சான்று கேட்டார்கள்?

நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். மறுப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு மறுக்க வேண்டுகிறேன்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில், இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அளிக்கப்படும் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் இடைமறித்தார். “ஹெச்.எஃப்.-ஆக்ஷன் ஆய்வு என்றோ தோற்றுவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் அதைத் தோளில் சுமந்து திரிகிறீர்கள்?” என்றார். அரங்கில் பலர் தலையசைத்தனர். மாணவர்கள் சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதையும் கண்டேன். அந்தக் குறிப்பேடுகளில் எழுதப்பட்ட சொற்களே என்னை இந்தப் பதிவை எழுதத் தூண்டின. அந்தப் பேராசிரியர் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அவர் சொன்னது நம் துறையில் பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பதுதான்.

நான் ஆய்வு செய்யும் வட இந்திய நகரத்தில், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் தாள்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மாத்திரைகளுக்கு மில்லிகிராம் அளவு இருக்கும், வேளை இருக்கும். உப்புக்கும் நீருக்கும் வரம்பு இருக்கும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: ஓய்வெடுக்கவும், கடினமான வேலைகளைத் தவிர்க்கவும். எவ்வளவு ஓய்வு, எத்தனை நாள், எது கடினம் என்பதற்கு அங்கே விடை இராது. அந்தத் தாள் முழுவதிலும் அளவு குறிக்கப்படாத ஒரே சிகிச்சை ஓய்வுதான். என் கேள்வி எளியது. உடற்பயிற்சியிடம் உயிர்காக்கும் சான்றைக் கேட்கும் நாம், ஓய்விடம் ஒருநாளும் எந்தச் சான்றையும் கேட்காதது ஏன்?

முதலில், தோற்றுவிட்டதாகச் சொல்லப்படும் ஆய்வை எடுத்துக்கொள்வோம்.

ஹெச்.எஃப்.-ஆக்ஷன் ஆய்வின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் 82 மையங்களில் 2,331 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். இடது கீழறையின் வெளியேற்ற விகிதம், அதாவது எக்கோ அறிக்கையில் நாம் முதலில் தேடும் அந்த எண், அனைவருக்கும் 35 விழுக்காடோ அதற்குக் குறைவோதான். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை; மறு பிரிவினருக்கு அதனுடன் மேற்பார்வையில் 36 பயிற்சி அமர்வுகள், பின்னர் வீட்டிலேயே பயிற்சி. எக்காரணத்தாலாயினும் நேரும் மரணம் அல்லது மருத்துவமனைச் சேர்க்கை என்பதே முதன்மை அளவுகோல். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கண்காணித்த பின், பயிற்சிப் பிரிவில் 65 விழுக்காட்டினரும் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 68 விழுக்காட்டினரும் அந்த அளவுகோலை எட்டியிருந்தனர். அபாய விகிதம் 0.93, நம்பக இடைவெளி 0.84 முதல் 1.02 வரை, பி மதிப்பு 0.13.

“தோற்றுவிட்டது” என்ற தீர்ப்பு இந்தக் கடைசி எண்ணிலிருந்து பிறந்தது. புள்ளியியல் முதற்பாடம் படித்த மாணவருக்கும் தெரியும்: 0.84 முதல் 1.02 வரையிலான இடைவெளி “பயனில்லை” என்று சொல்வதில்லை. கணிசமான நன்மையிலிருந்து மிகச் சிறிய தீமை வரை எதுவும் இருக்கலாம் என்றும், நன்மையின் பக்கமே எடை மிகுதி என்றும்தான் சொல்கிறது. முடிவைப் பாதிக்கும் காரணிகளுக்கேற்பத் திருத்திக் கணக்கிடுவதென்று முன்கூட்டியே வகுத்திருந்த பகுப்பாய்வில் அபாய விகிதம் 0.89 ஆகவும் பி மதிப்பு 0.03 ஆகவும் வந்தது. இந்த இரண்டாம் கணக்கைத் தூக்கிப் பிடித்து “வென்றுவிட்டது” என்று முழங்க நான் வரவில்லை. முதன்மைப் பகுப்பாய்வு எல்லையைத் தாண்டவில்லை என்பதே நேர்மையான வாசிப்பு. ஆனால் எல்லையைத் தாண்டாமை வேறு, தோல்வி வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவரை வாய்மொழித் தேர்வில் நாம் விட்டுவைப்பதில்லை. கருத்தரங்க மேடையில் மட்டும் அதே குழப்பத்துக்குத் தலையசைக்கிறோம்.

அந்த ஆய்விலிருந்து இன்னும் மூன்று செய்திகள் நம் நினைவிலிருந்து நழுவிவிட்டன.

ஒன்று, பாதுகாப்பு. இதயம் கடுமையாகப் பலவீனமடைந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி செய்தும், அவர்களிடையே மரணம் மிகவில்லை. பயிற்சிப் பிரிவில் 16 விழுக்காடு, மறு பிரிவில் 17. உடலை அசைத்தால் இதயம் நின்றுவிடும் என்னும் அச்சத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை நிகழ்ந்ததில்லை.

இரண்டு, ஒப்பீடு யாருடன் நிகழ்ந்தது என்பது. அந்நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பீட்டா தடுப்பான்களும், ஏ.சி.இ. தடுப்பான்களோ அவற்றுக்கு இணையான மருந்துகளோ ஏற்கெனவே உட்கொண்டவர்கள். அக்காலத்தின் சிறந்த சிகிச்சைக்கு மேல் பயிற்சி என்ன சேர்க்கிறது என்பதே அங்கு கேட்கப்பட்ட கேள்வி. அந்த உயர்ந்த தளத்துக்கு மேலும் பயிற்சி, நோயாளிகள் தாமே மதிப்பிட்ட உடல்நிலையில் சிறிதாயினும் நிலைத்த முன்னேற்றத்தைத் தந்தது.

மூன்று, மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பது. பயிற்சிப் பிரிவினருள் பெரும்பான்மையோர் குறித்த அளவு நேரம் பயிற்சி செய்யவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மேலும் குறைந்தது. மாத்திரையைப் பாதிப்பேர் விழுங்காத ஓர் ஆய்வில் மருந்தைக் குறை கூறுவோமா, மாத்திரை ஏன் விழுங்கப்படவில்லை என்று கேட்போமா? நிறையப் பயிற்சி செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்ற பிற்காலப் பகுப்பாய்வுகளை நான் சான்றாகக் காட்டப்போவதில்லை. நலமாக இருப்பவரே நிறைய நடப்பார் என்னும் எளிய உண்மை அவற்றைப் பலவீனப்படுத்துகிறது. ஆனால் பயிற்சியைத் தொடரச் செய்வது எப்படி என்பதே ஆய்வுக்குரிய கேள்வி என்பதை அந்த ஆய்வு நமக்குச் சொன்னது. நாமோ அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இனி ஓய்வின் பக்கம் வருவோம்.

1960களில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜார்ஜ் பர்ச் என்ற இதயவியலறிஞர், விரிவடைந்த இதயத்தைக் கொண்ட நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திச் சிகிச்சை அளித்தார். சிலருக்கு இதயத்தின் அளவு சுருங்கியது. அவருடைய நோயாளிகளில் பலர் மதுப்பழக்கத்தால் இதயம் கெட்டவர்கள். மருத்துவமனைப் படுக்கை அவர்களை நடையிலிருந்து மட்டுமன்றி மதுவிலிருந்தும் விலக்கி வைத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால், சுருங்கியதற்கு எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. நம் டிஸ்சார்ஜ் தாள்களில் இன்றும் வாழும் அந்தக் கடைசி வரியின் முன்னோர்களை வரிசைப்படுத்தினால், இத்தகைய சான்றுகளே எஞ்சும்.

எதிர்ப்பக்கச் சான்றோ மிக வலுவானது. 1966இல் டல்லாஸ் நகரில் இருபது வயது நிரம்பிய ஐந்து நலமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் இருத்தினார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வுத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய வீழ்ச்சி முப்பதாண்டு முதுமை ஏற்படுத்தியதைவிடப் பெரிதாக இருந்தது. இருபது வயது உடலுக்கே இந்த விலை என்றால், அறுபது வயதில் இதயம் தளர்ந்து, தசை கரைந்து கிடப்பவருக்கு என்ன விலை?

1999இல் லான்செட் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பதினைந்து வெவ்வேறு நோய்நிலைகளில் படுக்கை ஓய்வைச் சோதித்த 39 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தது. ஓய்வால் தெளிவான நன்மை எதிலும் காணப்படவில்லை. சிலவற்றில் நிலைமை மோசமடைந்தது. நீர் கோத்து மூச்சு முட்டும் கடும் கட்டத்தில் நோயாளி கட்டிலில் இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. நீர் வடிந்து, மருந்து நிலைப்பட்டு, வீட்டுக்குப் போகும் மனிதருக்கு நீண்டகால ஓய்வை விதிப்பதற்குத்தான் ஆதாரம் கேட்கிறேன்.

“உயிர்காக்கும் என்று நிறுவப்படாததை எப்படிப் பரிந்துரைப்பது?” என்று கேட்பவர்கள் தம் மருந்துச்சீட்டையே ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். இதயச் செயலிழப்பில் அன்றாடம் நாம் எழுதும் ஃபுரோசமைடு, மரணத்தைக் குறைப்பதாக எந்தப் பெரிய ஆய்விலும் நிறுவப்பட்டதன்று. மூச்சுத் திணறலைத் தணிக்கிறது என்பதற்காகவே கொடுக்கிறோம்; அது போதுமான காரணமும்கூட. 1997இல் 6,800 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட டிகாக்சின் மரணத்தைக் குறைக்கவில்லை. மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைத்தது. அதை நாம் தோற்ற மருந்தென்று குப்பையில் எறியவில்லை; உரியவர்களுக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். மூச்சுத் திணறல் குறைவதும், மருத்துவமனைக்குத் திரும்பாமல் இருப்பதும் மாத்திரைக்குப் போதுமான தகுதி. நடைக்கு மட்டும் போதாத தகுதியா?

பீட்டா தடுப்பான்களின் வரலாறு இதைவிடக் கூர்மையான பாடம். இதயச் செயலிழப்பில் அவற்றைத் தொடவே கூடாது என்று ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பலவீனமான இதயத்தை மேலும் ஒடுக்கலாமா என்னும் தர்க்கம் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. 1999இல் வெளிவந்த சிபிஸ்-2, மெரிட்-ஹெச்.எஃப். ஆகிய இரு பெரும் ஆய்வுகள் அந்தத் தர்க்கத்தைத் தலைகீழாக்கின. இன்று அதே மருந்து சிகிச்சையின் தூண்களில் ஒன்று; குறைந்த அளவில் தொடங்கு, மெல்ல ஏற்று என்பது அதன் விதி. பலவீனமான இதயத்துக்கு வேலை கொடுக்கலாமா என்ற கேள்வியும் அதே வகைத் தர்க்கந்தான். அதற்கான விடையும் அதே விதிதான்: குறைவாகத் தொடங்கு, மெல்ல ஏற்று.

உடலியங்கியல் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. உடல் நுகரும் ஆக்சிஜன், இதயம் வெளியேற்றும் குருதியின் அளவையும், அக்குருதியிலிருந்து திசுக்கள் பிரித்தெடுக்கும் ஆக்சிஜனின் அளவையும் பெருக்கிவரும் தொகை. ஃபிக் சமன்பாடு சொல்வது இவ்வளவே. நாம் முதற்பகுதியை மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். வெளியேற்ற விகிதம் 25 ஆக உள்ள இருவரில் ஒருவர் மாடியேறுவார், மற்றவர் குளியலறைக்கே சுவரைப் பிடித்து நடப்பார். அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி காலிலும் மூச்சுத் தசைகளிலும் குருதிநாளங்களிலும் இருக்கிறது. அசையாமையால் கெடுவதும் அசைவால் தேறுவதும் அந்தப் பகுதிதான். 1990இல் ஆண்ட்ரூ கோட்ஸும் உடனாய்வாளர்களும் வெறும் 11 நோயாளிகளை வீட்டிலேயே நிலைமிதிவண்டி மிதிக்க வைத்துக் காட்டியது இந்த வழியைத்தான். நோய் இதயத்தில் தொடங்குகிறது. இயலாமையோ உடல் முழுவதும் குடியேறிவிடுகிறது. ஓய்வு அந்தக் குடியேற்றத்துக்குப் பட்டா எழுதிக் கொடுக்கிறது.

இவ்வளவு சொன்ன பின், என் தரப்பிலேயே நிற்பவர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது.

நம் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் “உடற்பயிற்சி இறப்பை 35 விழுக்காடு குறைக்கிறது” என்ற வரி வாழையடி வாழையாக வந்துகொண்டிருக்கிறது. அது 2004இல் 801 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த எக்ஸ்ட்ராமேட்ச் ஆய்வின் முடிவு. சிறிய ஆய்வுகளின் தொகுப்பு அது. அதே பெயரில் பின்னர் மிகப் பெரிய தரவுடன் நிகழ்ந்த இரண்டாம் தொகுப்பாய்வில் அந்தப் பயன் நிலைக்கவில்லை. 2019இன் காக்ரேன் தொகுப்பு 44 ஆய்வுகளையும் 5,783 நோயாளிகளையும் உள்ளடக்கியது. குறுகிய காலத்தில் மரணத்தில் வேறுபாடில்லை. மருத்துவமனைச் சேர்க்கை குறைகிறது. வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்பதே அதன் சாரம். 2004ஐ மேற்கோள் காட்டிவிட்டுப் பின்வந்தவற்றை மறைப்பவர், எதிர்த்தரப்பு கையில் தாமே கல்லை எடுத்துக் கொடுக்கிறார். மிகைப்படுத்திய வாக்குறுதி முறியும்போது, அதனோடு சேர்ந்து உண்மையான பயனும் தூக்கியெறியப்படுகிறது. ஹெச்.எஃப்.-ஆக்ஷனுக்கு நேர்ந்தது அதுவே.

ஆகவே நாம் கோருவதைத் துல்லியமாகச் சொல்வோம். உடற்பயிற்சி ஆயுளை நீட்டும் என்று உறுதி கூற இன்று நமக்கு உரிமையில்லை. நடக்கும் தூரத்தையும், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறனையும், வீட்டில் கழியும் நாள்களின் தரத்தையும் அது உயர்த்தும் என்று கூற உரிமை உண்டு. 2021இல் வெளியான ரிஹேப்-ஹெச்.எஃப். ஆய்வு, கடும் செயலிழப்புடன் மருத்துவமனையில் சேர்ந்த அறுபது வயதுக்கு மேற்பட்ட 349 பேரை எடுத்துக்கொண்டது. நடை மட்டுமன்றி, சமநிலை, தசைவலு, நாற்காலியிலிருந்து எழுதல் ஆகியவற்றையும் பயிற்றுவித்தது. மூன்று மாதத்தில் அவர்களுடைய உடல்திறன் தெளிவாக உயர்ந்தது, மறுசேர்க்கை குறையவில்லை. நாற்காலியிலிருந்து பிறர் கையைப் பிடிக்காமல் எழ முடிவது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை, அப்படி எழ முடியாத ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் அறிவர்.

“இதெல்லாம் பணக்கார நாடுகளின் கதை. நம்மிடம் மையங்கள் எங்கே, பணியாளர் எங்கே?” என்பது அடுத்த வாதம். இந்த வாதத்துக்கு நான் மதிப்பளிக்கிறேன். ஆனால் அது முடியும் இடத்தில்தான் நம் பணி தொடங்குகிறது.

நம் நோயாளி யார் என்று பார்ப்போம். திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 2013இல் 1,205 பேர் சேர்க்கப்பட்டனர். சராசரி வயது 61. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும், ஐந்தாண்டுகளுக்குள் 59 விழுக்காட்டினரும் இறந்துபோயினர். நாட்டின் 53 மருத்துவமனைகளிலிருந்து 10,851 பேரைத் திரட்டிய தேசியப் பதிவேட்டில் சராசரி வயது 60. தொண்ணூறு நாளுக்குள் இறந்தவர்கள் 14 விழுக்காடு. வழிகாட்டு நெறிகள் கூறும் மருந்துகளை முறையாகப் பெற்றவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. எனவே, மருந்துக்குப் பதிலாக நடை என்று எவரும் என்னைப் புரிந்துகொள்ள வேண்டாம். மருந்தும் வேண்டும், நடையும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே நம் நோயாளி இழந்துகொண்டிருக்கிறார்.

மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்களின் நோய். ஹெச்.எஃப்.-ஆக்ஷனில் சேர்ந்தோரின் இடைநிலை வயதோ 59. அதாவது, “நமக்குப் பொருந்தாது” என்று நாம் ஒதுக்கும் அந்த ஆய்வின் நோயாளி, வயதைப் பொறுத்தவரை நம் நோயாளியைப் போன்றவரே. அறுபது வயதில் இங்கே பலர் இன்னும் கூலிக்குச் செல்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அவர்களிடம் ஓய்வெடுங்கள் என்று சொல்வது எதைச் சொல்வதாகிறது? ஓய்வூதியம் உள்ளவருக்கு அது அறிவுரை. நாட்கூலிக்காரருக்கு அது வேலைநீக்க ஆணை. எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று சோதித்துச் சொல்ல வேண்டியது நம் கடமை. அதைச் செய்யாமல் “கடினமான வேலை வேண்டாம்” என்று எழுதிவிட்டு நாம் கைகழுவுகிறோம். அவர் ஒன்று பட்டினி கிடக்கிறார், அல்லது நம் தாளை மடித்து வைத்துவிட்டு அளவு தெரியாமல் சுமை தூக்குகிறார்.

பெண்களின் நிலை இன்னும் விசித்திரமானது. ஓய்வு என்ற சொல் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நுழைவதேயில்லை. மாலை நடைக்குச் செல்ல வேண்டாம், கோயிலுக்கு நடக்க வேண்டாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. குடத்தையும் துணி வாளியையும் அடுப்படியையும் அது தொடுவதில்லை. “வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே” என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். தன் விருப்பப்படி தொடங்கவும், மூச்சு வாங்கும்போது நிறுத்தவும், வாரந்தோறும் சிறிது கூட்டவும் முடிகிற உழைப்புக்கே பயிற்சி என்று பெயர். குக்கர் விசில் அடிக்கும்போது இவற்றில் எதுவும் ஒரு பெண்ணின் கையில் இல்லை.

நம் காப்பீட்டு அமைப்பும் இதே மனநிலையில்தான் இயங்குகிறது. 2018இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சேர்க்கைக்கு வழங்குகிறது. ஸ்டென்ட் வைக்கலாம், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள்வரை செலவு ஏற்கப்படும். புறநோயாளிச் சிகிச்சைக்கு அதில் இடமில்லை. எட்டு, பன்னிரண்டு வாரம் நீளும் மறுவாழ்வுப் பயிற்சி ஒரு புறநோயாளிச் சிகிச்சை. ஆகவே நோயாளி மூச்சுத் திணறி மீண்டும் கட்டிலில் படுத்தால் அரசு பணம் கொடுக்கும். படுக்காமலிருக்கக் கற்றுக்கொண்டால் கொடுக்காது. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் 2014 முதல் வெளியேற்ற விகிதம் குறைந்த, நிலையான நோயாளிகளுக்கு 36 அமர்வுகள்வரை செலவை ஏற்கிறது. ஹெச்.எஃப்.-ஆக்ஷனைத் “தோல்வி” என்று படிக்காமல் முழுமையாகப் படித்ததன் விளைவு அது. அமெரிக்க, ஐரோப்பிய இதயவியல் சங்கங்களின் வழிகாட்டு நெறிகள் இரண்டும், இயன்றவர் அனைவருக்கும் உடற்பயிற்சியை முதல்தரப் பரிந்துரையாகவே வைத்துள்ளன.

மையங்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் மையங்கள் இன்றியமையாதவையா? பிரிட்டனின் ரீச்-ஹெச்.எஃப். திட்டம் வீட்டிலேயே, கையேட்டுடனும் அவ்வப்போதைய செவிலியர் உதவியுடனும் நடந்தது. வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. நம் நாட்டிலேயே 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு யோகா-கேர் என்ற சமவாய்ப்பு ஆய்வு நடத்தப்பட்டு 2020இல் வெளியானது. அதிலும் முதன்மை இதயநிகழ்வுகளில் வேறுபாடு புள்ளியியல் எல்லையை எட்டவில்லை. நோயாளிகள் உணர்ந்த உடல்நிலை மேம்பட்டது. அது மாரடைப்புக்குப் பின்வரும் மறுவாழ்வைப் பற்றியது, இதயச் செயலிழப்பைப் பற்றியதன்று. ஆனால் எளிய கருவிகளோடு, இந்திய மருத்துவமனைகளில், ஆயிரக்கணக்கானோருக்கு இதயமறுவாழ்வை வழங்கவும் ஆராயவும் முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே செல்கிறது. வாகனம் இருக்கிறது; அதில் இதயச் செயலிழப்பு நோயாளிக்கு ஓர் இருக்கை கேட்பதுதான் பாக்கி.

ஆபத்தைப் பற்றி ஒரு சொல். எல்லார்க்கும் எப்போதும் பயிற்சி என்று நான் சொல்லவில்லை. ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், சில நாளில் எடை திடீரென ஏறியவர், கட்டுப்படாத இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர், மயக்கமும் நெஞ்சுவலியும் தரும் கடும் பெருந்தமனி வால்வுச் சுருக்கம் உடையவர் ஆகியோர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தகைய பட்டியல் உண்டு. பட்டியல் இருப்பதால் எந்த மருந்தையும் நாம் கைவிடுவதில்லை. பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

கருவி இல்லை என்பவர்களுக்கு: ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டியவை முப்பது மீட்டர் நடைகூடம், ஒரு கடிகாரம், இரு முனைகளிலும் ஓர் அடையாளம், அருகே ஒரு நாற்காலி. அந்தச் சோதனையின் முடிவோடு டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியை மாற்றி எழுத முடியும். சமதரையில் ஒருநாளில் இருமுறை, ஐந்தோ பத்தோ நிமிடம் நடக்கவும். வாரந்தோறும் சில நிமிடம் கூட்டவும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவும். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் நிறுத்தவும். மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் நடையை விட்டுவிட்டு மருத்துவரிடம் வரவும். இவ்வளவுதான். “ஓய்வெடுக்கவும்” என்பதைவிட நான்கைந்து வரி கூடுதல்.

சொல்லைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும். இங்கே வட இந்தியாவில் மருத்துவர் ‘ஆராம்’ என்கிறார். அச்சொல்லுக்கு ஓய்வு என்றும் பொருள், நோய் தணிந்து குணமாதல் என்றும் பொருள். ஓய்வெடுப்பதும் குணமாவதும் ஒன்றே என்று மொழியே நோயாளிக்குச் சொல்லிவிடுகிறது. தமிழில் நாம் ‘செயலிழப்பு’ என்கிறோம். செயலை இழந்துவிட்ட இதயத்தைக் கொண்டு எவர் துணிந்து நடப்பார்? இழந்தது முழுச் செயலன்று, திறனில் ஒரு பகுதி மட்டுமே என்று விளக்கும் பொறுப்பு அந்தக் கலைச்சொல்லைப் புழங்கும் நமக்கு உண்டு.

இறுதியாக, என் சக ஆய்வு மாணவர்களுக்கு. முப்பது நோயாளிகள், பன்னிரண்டு வாரம், உச்ச ஆக்சிஜன் நுகர்வு உயர்கிறதா என்று இன்னும் எத்தனை ஆய்வேடுகளில் கேட்கப்போகிறோம்? அதற்கு விடை கிடைத்துப் பல்லாண்டுகளாயின. கிடைக்காத விடைகள் வேறு. நாட்கூலிக்காரர் ஆறாவது வாரமும் பயிற்சியைத் தொடர என்ன வேண்டும்? மாமியாரும் மகனும் இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு அரைமணி நேர நடை எப்படிச் சாத்தியமாகும்? அறுபதை எட்டுமுன்பே ருமாட்டிக் வால்வு நோயால் இதயம் தளர்ந்தவருக்கு எந்த அளவு தகும்? கிராம சுகாதாரப் பணியாளர் ஒருவர் இதைக் கற்பிக்க முடியுமா? இவற்றுக்கு டிரெட்மில் தேவையில்லை. வீடுகளுக்குச் செல்லும் கால்கள் தேவை. இவற்றை ஆராயும்போது ஒப்பீட்டுக் குழுவுக்கு ‘வழக்கமான சிகிச்சை’ என்ற பெயரில் ஓய்வைப் பரிந்துரைப்பது அறமாகுமா என்றும் நெறிமுறைக் குழுக்களில் நாம் கேட்டாக வேண்டும்.

அந்தப் பேராசிரியருக்கு நான் அன்று அரங்கில் தகுந்த விடை சொல்லவில்லை; தயங்கிவிட்டேன். இன்று சொல்கிறேன். ஐயா, ஹெச்.எஃப்.-ஆக்ஷனை அதன் முதன்மை முடிவை வைத்து நீங்கள் அளந்தது சரி. அதே அளவுகோலை ஓய்வின் மீதும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். நிலைப்பட்ட நோயாளிக்கு நீண்டகால ஓய்வு நன்மை தரும் என்று காட்டும் ஒரே ஒரு சமவாய்ப்பு ஆய்வை எடுத்து வையுங்கள். இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன். அது இல்லாதவரை, டிஸ்சார்ஜ் தாளில் அந்தக் கடைசி வரியை எழுதும் ஒவ்வொருவரும் சோதிக்கப்படாத ஒரு மருந்தை, அளவு குறிக்காமல், காலவரையின்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.